கேட்ட கதையும் படித்த செய்தியும்

நேசத்துக்குரிய எழுத்தாளர் ஒருவரின் நாவல் நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்வதற்குத் தமிழில் இன்னும் தயக்கம் இருக்கிறது. மூத்தவர் என்ற மரியாதையில் வாயை மூடிக்கொள்கிறோம். அல்லது ஒரே வீச்சில் அவரை ஒன்றுமில்லாதவராக்கிவிடுகிறோம். இரண்டிலுமே நாவல் படிக்கப்படுவதில்லை. ஏமாற்றம் எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எதனால் தொடங்கியது என்று பொறுமையாகத் தேடிப் பார்த்தால், சில சமயம் ஒரு தனி மனிதரின் சறுக்கலைக் காட்டிலும் பெரிதான ஒரு வரலாற்றுச் சிக்கல் அங்கே கிடப்பதைக் காணலாம். கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' அத்தகைய நாவல் என்பது நம் எண்ணம்.

தெற்கத்தி எழுத்து என்று இன்று இயல்பாகச் சொல்கிறோமே, அதற்கு முகம் கொடுத்தவர்களுள் கி.ரா. முதன்மையானவர். 1923 செப்டம்பர் 16 அன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தார். அதே ஊரில் அதே மாதத்தில் பிறந்த கு. அழகிரிசாமி அவருடைய தோழர். முறையான பள்ளிக் கல்வி அதிகமில்லை. விவசாயம், விவசாயிகள் இயக்கம், இசை ஈடுபாடு, நண்பர்களுக்கு நீளமான கடிதங்கள் என்று வாழ்ந்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த பிறகே கதை உலகில் கவனம் பெற்றார். 'மாயமான்' என்ற சிறுகதை 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தது. அங்கிருந்து 'கதவு' போன்ற கதைகள், கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதி, நாட்டார் கதைத் தொகுப்புகள் என்று அவருடைய பாதை விரிந்தது. தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து வந்தவர்களுக்கு அவர் புகட்டிய பாடம் ஒன்று உண்டு: பேச்சு மொழி, எழுத்து மொழிக்கு ஒரு படி கீழே நிற்கும் ஒன்றன்று.

அந்தப் பாடத்தின் உச்சம் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வாசகர் வட்டம் வெளியிட்ட இந்நாவல் அளவில் சிறியது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நீர்நிலையில் கள்வன் ஒருவனால் கொல்லப்படுகிறாள். நீருக்குள் அமுக்கப்பட்ட நிலையிலும் அவனுடைய கால் விரலைக் கடித்துப் பற்றிக்கொள்கிறாள். இந்த ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு நாவல் கோட்டையார் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே நூறு வயதை எப்போதோ கடந்துவிட்ட மங்கத்தாயாரு அம்மாள் இருக்கிறாள். அவளுடைய வாய்வழியாகவே தெலுங்கு நாட்டிலிருந்து ஒரு கூட்டம் தெற்கே ஓடிவந்த வரலாறு நமக்குக் கிடைக்கிறது. சென்னாதேவி என்ற பெண்ணின் அழகு, அவளை அடைய விரும்பிய ஆட்சியாளன், இரவோடு இரவாகக் கிளம்பிய குடும்பங்கள், வழியில் நேர்ந்த அற்புதங்கள், பிறகு காட்டை எரித்து நிலமாக்கிய நாட்கள் என்று அந்தக் கதை நீள்கிறது. கும்பினியாரின் ஆட்சி அந்த மண்ணில் வேர்விடும் காலத்தை ஒட்டி நாவல் நின்றுவிடுகிறது.

இதில் எத்தனை விழுக்காடு 'உண்மை வரலாறு' என்று கேட்பது வீண். விஜயநகர ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் தெலுங்கு பேசும் மக்கள் தமிழ்நாட்டின் தென்பகுதியில் குடியேறியது வரலாறு அறிந்த செய்தி. ஆனால் கி.ரா. கல்வெட்டையோ செப்பேட்டையோ புரட்டவில்லை. ஓர் இனக்குழு தன்னைப்பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை, அதன் மிகைகளோடும் இடைவெளிகளோடும் எடுத்துக்கொண்டார். ஆகவே அற்புதம் வரும் இடத்தில் நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. பாட்டி சொல்கிறாள், நாம் கேட்கிறோம். அந்த நம்பிக்கைதான் நாவலின் அடித்தளம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1989இல், இதன் தொடர்ச்சியாக 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. பின்னர் நூலாகி, 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. முந்தைய நாவல் விட்ட இடத்திலிருந்து இந்திய விடுதலை வரையிலான காலத்தை இது தன் எல்லையாகக் கொள்கிறது. நாவலுக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகத்தில் கிட்டப்பன், அச்சிந்தலு ஆகியோரின் காதலும், ஊரின் அன்றாடமும், வெளியுலகம் சிறுகச் சிறுக உள்ளே வருவதும் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தில் தேசிய இயக்கம் வருகிறது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் வெடித்த கப்பற்படை எழுச்சி வரை கதை நீண்டு, 1947இல் முடிகிறது.

நம் வகுப்பில் இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "சார், முதல் புத்தகம் எங்க ஆச்சி பேசுற மாதிரியே இருந்துச்சு. ரெண்டாவதுல பாதிக்கு மேல பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் மாதிரி ஆயிடுச்சே?" இதைவிடச் சுருக்கமாக இந்த ஏமாற்றத்தை எந்தத் திறனாய்வாளரும் சொல்லிவிட முடியாது. சறுக்கல் எங்கே என்பதையும் அவள் சரியாகத் தொட்டுவிட்டாள். முதல் பாகத்தில் ஊர் தன்னைப்பற்றிப் பேசுகிறது. இரண்டாம் பாகத்தில் யாரோ ஊருக்கு நாட்டைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கதை கேட்டுக்கொண்டிருந்த நாம் செய்தி படிப்பவர்களாகிவிடுகிறோம்.

இப்படி ஏன் ஆயிற்று?

முதலில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 'கோபல்ல கிராமம்' சொல்லும் காலத்தை ஆசிரியர் கண்டதில்லை. அவருடைய பாட்டனார்களும் முழுமையாகக் கண்டிருக்க முடியாது. மாறாக, 'கோபல்லபுரத்து மக்க'ளின் இறுதிப் பகுதி கி.ரா.வின் சொந்த இளமைக் காலம். கப்பற்படை எழுச்சி நடந்தபோது அவருக்கு வயது 22; விடுதலை கிடைத்தபோது 23. அவர் அரசியலில் ஆழ்ந்து ஈடுபட்டிருந்த காலமும் அதை ஒட்டியதே. காணாத காலம் உயிரோடு எழுந்து நிற்க, கண்ட காலம் வெளிறிப்போனது எப்படி?

காணாத காலத்தை அவருக்குத் தந்தவர்கள் மனிதர்கள். கண்ட காலத்தின் பெரும் நிகழ்ச்சிகளை அவருக்குத் தந்தவை நாளிதழ்களும் மேடைகளும். பம்பாய்த் துறைமுகத்தில் நடந்தது இடைசெவலுக்கு அச்செழுத்தாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். அதில் ஆச்சிக்கு வேலையில்லை. மிகைக்கும் மறதிக்கும் இடமில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துச் சொல்லும் திண்ணைப் பேச்சுக்கும் வழியில்லை. கி.ரா.வின் கலை இந்த மூன்றிலிருந்துதான் உணவு எடுத்துக்கொள்கிறது. அது கிடைக்காத இடத்தில் அவர் நேர்மையாகச் செய்தியைச் செய்தியாகவே சொல்லிவிட்டுப் போகிறார்.

இத்தனைக்கும் தேசிய இயக்கம் அந்த மண்ணுக்கு அயலானதன்று. பாரதி பிறந்த எட்டயபுரம் அதே கரிசலில் இருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் தூத்துக்குடியில். அதே ஆண்டு மார்ச்சில் திருநெல்வேலி நகரமே கொந்தளித்தது. 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட மணியாச்சி, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் இரயில் பாதையில்தான் இருக்கிறது. மணியாச்சியில் வெடித்த துப்பாக்கிச் சத்தம் கோபல்லபுரத்துக்கு எத்தனை நாளில் வந்து சேர்ந்தது, யார் அதைக் கொண்டுவந்தார்கள், வழியில் அந்தக் கதைக்கு எத்தனை கை கால் முளைத்தது, கேட்ட கிழவிகள் அதை எந்தப் பழங்கதையோடு முடிச்சுப் போட்டார்கள்? 'கோபல்ல கிராமம்' படித்தவர்கள் எதிர்பார்த்து நின்ற நாவல் இதுவே. அந்த எதிர்பார்ப்பை நமக்குள் ஏற்படுத்தியவரும் கி.ரா.வேதான்.

இரண்டாவது காரணம் வெளியீட்டு முறை. வாசகர் வட்டம் சந்தா கட்டிய வாசகர்களுக்காக நூல்களை வெளியிட்ட அமைப்பு. அங்கே நாவல் ஒரே நூலாக வந்தது, தன் அளவைத் தானே தீர்மானித்துக்கொண்டது. வார இதழ்த் தொடரின் இயல்பு வேறு. ஒவ்வொரு வாரமும் ஓர் அத்தியாயம் தனக்குள் முடிய வேண்டும். சென்ற வாரம் படிக்காதவருக்கும் இந்த வாரம் புரிய வேண்டும். இலட்சக்கணக்கான நகரத்து வாசகர்களுக்கு விளக்கம் தர வேண்டும். கி.ரா.வின் குட்டிக் கதைகளுக்கு இந்த வடிவம் நன்றாகவே பொருந்தியது. முதல் பாகத்தில் பல அத்தியாயங்கள் தனித்தனியே எடுத்துப் படித்தாலும் சுவைப்பது அதனால்தான். ஆனால் ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தாங்கிச் செல்ல வேண்டிய இரண்டாம் பாகத்தில், விளக்கம் சொல்லும் குரல் கதை சொல்லும் குரலை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

ஏமாற்றங்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை நேசித்த பலருக்கு 1978இல் வந்த 'கங்கை எங்கே போகிறாள்' வருத்தம் தந்தது. கங்காவுக்கு ஆசிரியர் கொடுத்த முடிவை அவர்களால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தென்மாநில எழுத்தாளரான ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் நீதியின் உருவமாக நின்ற ஆட்டிகஸ் ஃபிஞ்ச், 2015இல் வெளியான 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலில் நிறப்பாகுபாட்டை ஆதரிப்பவராகத் தோன்றியபோது உலகெங்கும் வாசகர்கள் கலங்கினார்கள். பிந்தி வெளியான அந்த நாவல் உண்மையில் முந்தி எழுதப்பட்டது என்ற விவரம் அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. இவ்விரண்டும் பாத்திரங்களால் வந்த வருத்தங்கள். கி.ரா.விடம் நாம் அடைந்தது சொல்முறையால் வந்த வருத்தம்.

இதற்கு மிக நெருங்கிய உறவு வில்லியம் ஃபாக்னரிடம் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் யோக்னபடாஃபா என்ற கற்பனை வட்டாரத்தை எழுப்பி, அதன் குடும்பங்களையும் அடிமை முறையின் நிழலையும் தலைமுறைகள் ஊடாகச் சொன்னவர் அவர். 1929இல் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி', 1936இல் 'அப்சலோம், அப்சலோம்!' ஆகியவை அந்த மண்ணிலிருந்து வந்தன. இவற்றுள் எதற்கும் புலிட்சர் பரிசு கிடைக்கவில்லை. 1954இல் அவர் தம் வட்டாரத்தை விட்டு வெளியேறி, முதல் உலகப்போரின் பிரெஞ்சுப் பதுங்குகுழிகளில் நடக்கும் 'எ ஃபேபிள்' என்ற நாவலை வெளியிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு. போரிட மறுக்கும் படைவீரர்களைப் பற்றிய அந்த நாவல், கிறிஸ்துவின் இறுதி வாரத்தை உருவகமாகச் சுமந்துகொண்டு மூச்சு வாங்குகிறது. 1955இல் புலிட்சர் பரிசும் தேசிய நூல் விருதும் அதற்குத்தான் கிடைத்தன. ஃபாக்னரை நேசிப்பவர்கள் இன்று அதை முதலில் படிக்கச் சொல்வதில்லை.

கி.ரா.வும் ஃபாக்னரும் எழுத்து முறையில் இரு துருவங்கள். ஒருவர் எளிமையாகப் பேசுகிறவர். மற்றவர் வாக்கியத்தைப் பக்கக் கணக்கில் நீட்டுகிறவர். ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள் என்பது தற்செயலன்று. சிறு நிலப்பரப்பு ஒன்றை முழுமையாக அறிந்த எழுத்தாளர் மீது, 'பெரிய' வரலாற்றையும் எழுதிவிட வேண்டும் என்ற அழுத்தம் ஒரு கட்டத்தில் விழுகிறது. தம் ஊர் கதையாகிவிட்டது, அடுத்து நாடும் உலகமும் கதையாக வேண்டும் என்ற எண்ணம். அந்தப் பெரிய வரலாற்றைக் கையில் எடுத்த உடனே, விருது வழங்கும் அமைப்புகளின் பார்வைக்கும் அவர்கள் எளிதில் புலப்படுகிறார்கள்.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். கிராமத்தைத் தேசம் விழுங்கியது வரலாற்று உண்மை. அவ்வாறு விழுங்கப்பட்ட பின் ஊருக்குத் தனிக் குரல் இருக்க முடியாது. ஆகவே நாவலின் குரல் மங்குவது உண்மைக்கு நெருக்கமானதே என்பர் சிலர். இது பாதி சரி. நாளிதழ் வந்த பிறகு பாட்டியின் அதிகாரம் குறையத்தான் செய்தது. ஆனால் அந்தக் குறைவையே நாவல் காட்டியிருக்க வேண்டும். பாட்டியின் கதையை விட்டுவிட்டு ஊர் இளைஞர்கள் நாளிதழ் வாசிக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்த நாள் எது, அப்போது திண்ணையில் தனித்துவிடப்பட்டவள் என்ன நினைத்தாள் என்பது மாபெரும் காட்சியாகியிருக்கும். குரல் மங்குவதைச் சித்திரிப்பது வேறு, குரல் மங்கிப்போவது வேறு.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். முதல் நாவலின் பெயரில் 'கிராமம்' இருந்தது. இரண்டாவதில் 'மக்கள்' வந்தார்கள். முதல் நாவலில் நாம் பெரும்பாலும் கோட்டையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே ஊரைப் பார்க்கிறோம். குடியேறிய கூட்டத்தின் நினைவு அது. அதன் எல்லையும் அதுவே. காட்டை எரித்து நிலமாக்கியதைக் குடியேறியவர்கள் பெருமையோடு சொல்லலாம். அந்த நிலத்தில் பின்னர் கூலிக்கு உழைத்தவர்களுக்கும், செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களுக்கும், துணி வெளுத்தவர்களுக்கும் அதே நூற்றாண்டைப் பற்றி வேறு நினைவுகள் இருந்திருக்கும். 'மக்கள்' என்ற சொல் அவர்களுடைய திண்ணைகளுக்கும், திண்ணையே இல்லாத குடிசைகளுக்கும் நம்மை அழைத்துப் போகும் என்று நம்பினோம். பம்பாய்க்குப் போன தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பயணத்தை மேற்கொண்டவர் வேறொருவர். கோவில்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த, கி.ரா.வைத் தம் முன்னோடியாகக் கொண்ட பூமணி. 1979இல் வந்த 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை வழியே அதே கரிசல் கிராமத்தைப் பார்க்கச் செய்தார். 2012இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'அஞ்ஞாடி' வந்தது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நடந்த கலவரங்கள் வரை அந்த வட்டாரத்தின் நீண்ட வரலாறு, உழைக்கும் குடும்பங்களின் நட்பு வழியாக அதில் விரிகிறது. ஆவணங்களைத் தேடிப் படித்த எழுத்தாளர் பூமணி. ஆவணத்தின் வறட்டுத்தன்மை தலைகாட்டும் பக்கங்கள் அவரிடமும் உண்டு. ஆயினும் பெரிய வரலாறு ஊருக்குள் எப்படி நுழைகிறது என்ற கேள்வியை அவர் ஊருக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். 2014இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1991க்கும் 2014க்கும் இடையே கரிசல் இலக்கியம் கடந்த தூரத்தை அளக்க இவ்விரு விருது நாவல்களையும் அருகருகே வைத்தால் போதும். முன்னவர் விட்டுச் சென்ற வெற்றிடமே பின்னவருக்கு மனையாயிற்று என்றும் சொல்லலாம்.

இந்தப் பழைய கணக்கை இப்போது எதற்குப் புரட்ட வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் வாழும் இடத்தையே காட்டலாம். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் என்று அடையாற்றை ஒட்டிய இந்தப் புறநகர்களில், தெருவுக்குச் சில வீடுகளாவது திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. வயலாகவும் தோப்பாகவும் கிடந்த நிலம் மனைகளாகி, மனைகள் வீடுகளாயின. ஓரிடத்தை விட்டுக் கிளம்பி, இன்னோரிடத்தைத் திருத்திக் குடியேறுவதுதான் கோபல்லத்தின் கதை என்றால், அது இங்கே மறுபடி நடந்து முடிந்திருக்கிறது. ஆனால் இக்குடியேற்றத்தின் கதையைக் கேட்டால் கிடைப்பவை பத்திரப் பதிவு ஆண்டும், சாலை போட்ட ஆண்டும், 2015 வெள்ளமும்தான். யார் முதலில் வந்தார்கள், எதற்குப் பயந்து அல்லது எதை விரும்பி வந்தார்கள், இங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் வந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் சில முதிய பெண்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்கும் பழக்கமோ நம் பிள்ளைகளிடம் இல்லை. கேட்ட கதைக்கும் படித்த செய்திக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஆசிரியரின் இரு நூல்களில் அருகருகே காட்ட முடிகிறது என்பதால்தான், 'கோபல்லபுரத்து மக்கள்' வகுப்பறையில் நமக்குப் பயன்படுகிறது. அதன் முதல் பாகத்தை இரசிக்கச் சொல்கிறோம். இரண்டாம் பாகத்தை, நம் சொந்த ஊர்க் கதையைத் தவறவிடும் விதம் இதுதான் என்று காட்டப் பயன்படுத்துகிறோம்.

2021 மே 17 அன்று புதுச்சேரியில் கி.ரா. மறைந்து, இடைசெவலில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவருடைய பெயரை ஒட்டி விருது பெற்ற நாவலின் பெயரையே குறிப்பிட்டன. விருது செய்யும் வேலை அது: பட்டியலில் ஒரு பெயரை உறுதிப்படுத்திவிடுகிறது. அந்தப் பட்டியலை நம்பி, கி.ரா.வைப் புதிதாக வாசிக்க வருகிற இளைஞர் முதலில் 'கோபல்லபுரத்து மக்க'ளை எடுக்கிறார்; இரண்டாம் பாகத்தில் களைத்துப் போய், கி.ரா. என்றால் இவ்வளவுதான் போலும் என்று மூடிவைத்துவிடுகிறார். ஏமாற்றத்தை மறைத்துவைப்பதால் நேரும் உண்மையான இழப்பு இதுவே.

எனவே வாசிக்க வருகிறவர்களுக்கு நாம் சொல்வது எளிது. 'கதவு' கதையிலிருந்து தொடங்குங்கள். பிறகு 'கோபல்ல கிராமம்'. அதன் பிறகு, பாட்டியின் குரல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, 'கோபல்லபுரத்து மக்க'ளைத் திறங்கள். அந்தக் குரல் எந்தப் பக்கத்தில் கேட்காமல் போகிறது என்று குறித்துவையுங்கள். தொடர்ந்து பூமணியையும் படித்துவிடுங்கள்.